சர்ஃப் பலகையில் கோளாறா? தொடக்கநிலையினருக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

சர்ஃபிங் கற்கத் தொடங்கியவருக்கு ஓர் அலை ஏன் கைநழுவியது என்பது பெரும்பாலும் விளங்குவதில்லை. தம் பயிற்சிக் குறைவா, பலகையின் குறையா, அல்லது பலகையோடு சேர்ந்த ஃபின் (அடிப்பரப்பில் துருத்தி நிற்கும் துடுப்பு), லீஷ் (காலோடு பலகையைப் பிணைக்கும் நெகிழ்வான கம்பி), மெழுகு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் குறையா என்று பிரித்தறிய முடியாமல், சிலர் தம்மையே நொந்துகொண்டு பொருந்தாத பலகையோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். வேறு சிலரோ நல்ல பலகையை விற்றுவிட்டு இன்னொன்றை வாங்குகிறார்கள். கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவின்றிச் சரிபார்க்கக்கூடிய காரணம் முதலிலும், பணம் செலவழிக்க வேண்டிய காரணம் பிறகும் வருகின்றன. அதே வரிசையில் சரிபார்ப்பது நல்லது.

அதற்கு முன், கையிலுள்ள பலகை எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். சாஃப்ட் டாப் எனப்படும் மென்பலகையின் மேற்பரப்பு மிருதுவான ஃபோமாலும், அடிப்பரப்பு வழவழப்பான பிளாஸ்டிக் தகட்டாலும் ஆனது. கடினப் பலகைகளில் இரண்டு வகைகள் பரவலாக உள்ளன. பாலியுரேத்தேன் ஃபோமின் மேல் ஃபைபர் கிளாஸ் துணியைப் போர்த்திப் பாலியெஸ்டர் ரெசினால் இறுக்கியது ஒரு வகை. ஈபிஎஸ் எனப்படும் பாலிஸ்டைரீன் ஃபோமின் மேல் அதே துணியை எப்பாக்ஸி ரெசினால் இறுக்கியது மற்றொரு வகை. பழுதுபார்க்கும்போது இந்த வேறுபாடு மிகவும் முக்கியமாகும். வாங்கும்போதே விற்பவரிடம் கேட்டு, பலகையின் அடியில் அழியாத மையால் எழுதிவைத்துக்கொள்ளலாம். முதல் பலகை மென்பலகையாக இருப்பதே சரி என்பது என் கருத்து. அது தலையில் மோதினாலும் காயம் குறைவு என்பதோடு, தொடக்கநிலையினர் தவிர்க்க முடியாமல் செய்யும் முரட்டுத்தனத்தையும் தாங்கும்.

அறிகுறி: படுத்துத் துழாவும்போது பலகை இருபுறமும் ஆடுகிறது, அலை பலகையைத் தள்ளாமல் அடியில் கடந்து போய்விடுகிறது

முதலில் படுக்கும் இடத்தைப் பாருங்கள். பலகையின் நீளவாக்கில் ஓடும் நடுக்கோட்டின் மேல் மார்பெலும்பு இருக்க வேண்டும். அசையாமல் படுத்திருக்கும்போது பலகையின் மூக்கு நீர்மட்டத்துக்கு மேல் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர்வரை தெரிய வேண்டும். மூக்கு அதைவிட உயர்ந்து நின்றால் வால் நீருக்குள் அமிழ்ந்து, துழாவும் ஒவ்வொரு கைவீச்சுக்கும் தடையாக நிற்கிறது என்று பொருள். சரியான இடம் கிடைத்ததும், மோவாய்க்கு நேர்கீழே மெழுகால் ஒரு சிறு கோடு இழுத்துக்கொண்டால் அடுத்த முறை தேட வேண்டியதில்லை.

இடம் சரியாக இருந்தும் ஆட்டம் நிற்கவில்லை என்றால், பலகை சிறிதாக இருக்கலாம். பலகையின் மிதக்கும் திறனை அதன் கன அளவு காட்டுகிறது. அது லிட்டரில் அளக்கப்பட்டு, பெரும்பாலும் நீளம், அகலம், கனம் ஆகியவற்றோடு அடிப்பரப்பில் எழுதப்பட்டிருக்கும். தொடக்கநிலையில் உடல் எடை எத்தனை கிலோவோ ஏறத்தாழ அத்தனை லிட்டராவது இருக்க வேண்டும். அதாவது 70 கிலோ எடையுள்ளவருக்கு 70 லிட்டருக்குக் குறையாத பலகை தேவை, கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. தேர்ந்தவர்கள் தம் எடையின் பாதிக்கும் குறைவான லிட்டர் உள்ள பலகைகளில் சறுக்குகிறார்கள் என்பதால், அவர்கள் கையில் இருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே பெரும்பாலான தவறான கொள்முதலுக்குக் காரணம். நீளத்தை மட்டும் பார்த்து வாங்குவதும் ஏமாற்றும், ஏனெனில் பக்கவாட்டு ஆட்டத்தைக் கட்டுப்படுத்துவது முக்கியமாக அகலம்தான். வளர்ந்த ஒருவருக்கு 8 அடி நீளம், 22 அங்குலத்துக்கு மேல் அகலம், 3 அங்குலத்தை ஒட்டிய கனம் என்பது நல்ல தொடக்கம். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக் காற்றில் நூறடி நடக்க முடியவில்லை என்றால், அது கடலிலும் கட்டுக்கு அடங்காது. சிறு உடலுடையவர்கள் இந்தச் சோதனையையும் செய்துவிட்டு வாங்க வேண்டும்.

அறிகுறி: அலை பிடித்த கணமே மூக்கு நீருக்குள் குத்துகிறது

இது பெரும்பாலும் பலகையின் பிழை அன்று. கை ஊன்றி எழும்போது எடை முன்னே சாய்வதும், உடையும் தறுவாயில் செங்குத்தாகிவிட்ட அலையைத் தாமதமாகப் பிடிப்பதும்தான் வழக்கமான காரணங்கள். ஒரு கைப்பிடி அளவு பின்னே நகர்ந்து படுத்து, சரிவு மென்மையான அலைகளைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

பலகையே காரணமாகும் ஒரு சூழலும் உண்டு. மென்பலகைக்குள் நீளவாக்கில் விறைப்புக்காக வைக்கப்பட்டிருக்கும் நடுக்கட்டை முறிந்தால், வெளியே எந்தக் காயமும் தெரியாமலேயே பலகை நடுவில் துவளத் தொடங்கும். மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கும் இயல்பான வளைவும் குறைந்துபோகும். பலகையின் இரு முனைகளையும் இரண்டு மெத்தைகள் மேல் வைத்து, நடுவில் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் மடிவதுபோல் வளைந்தால் கட்டை முறிந்துவிட்டது. அந்தப் பலகையைச் சரிசெய்ய முயல்வது வீண்செலவு.

அறிகுறி: எழுந்து நிற்கும்போது கால் வழுக்குகிறது

தொடக்கநிலையினர் அதிகம் கவனிக்காமல் விடுவதும், மிக எளிதில் சரியாவதும் மெழுகுதான். இது பலகையைப் பளபளப்பாக்கும் மெழுகு அன்று, காலுக்குப் பிடிமானம் தருவதற்கானது. ஆகவே வழவழப்பாகத் தெரியும் மெழுகுப் பூச்சு வேலை செய்யாத பூச்சு.

பலகையில் மெழுகு இருந்தும் வழுக்கினால், அது எந்த வெப்பநிலைக்கு உரியது என்று உறையைப் பாருங்கள். நீரின் வெப்பநிலைக்கு ஏற்ப மெழுகின் கடினம் மாறுகிறது. ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட நீருக்கு மிகக் கடினமான வெப்பமண்டல மெழுகும், 19 முதல் 24 வரை வெதுவெதுப்பான நீருக்கான மெழுகும், 14 முதல் 19 வரை குளிர்நீர் மெழுகும், அதற்கும் கீழே மிக மென்மையான கடுங்குளிர் மெழுகும் விற்கப்படுகின்றன. எல்லைகள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சற்று மாறும். குளிர்நீர் மெழுகை வெப்பமான கடலுக்குக் கொண்டுசென்றால் அது இளகி வழிந்து உடலெல்லாம் அப்பிக்கொள்ளும். வெப்பமண்டல மெழுகைக் குளிர்ந்த கடலில் பயன்படுத்தினால் கண்ணாடிபோல் இறுகி, பாதத்தைப் பற்றாது. அவ்வாறு இருந்தால் அதன் மேலேயே புது மெழுகைத் தேய்ப்பதால் பயனில்லை, பழையதை முழுமையாக நீக்க வேண்டும்.

நீக்குவதற்குப் பலகையைச் சில நிமிடங்கள் மட்டும் வெயிலில் வைத்து, மெழுகு இளகியதும் பிளாஸ்டிக் மெழுகுச் சீப்பின் நேர் விளிம்பால் சுரண்டி எடுங்கள். எஞ்சிய படலத்தின் மேல் சமையல் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து, பிறகு சோப்பு நீரால் எண்ணெய்ப் பசை முற்றிலும் போகும்வரை கழுவுங்கள். பெட்ரோல், அசிட்டோன், தின்னர் போன்றவற்றை மென்பலகைக்கு அருகில்கூடக் கொண்டுவரக் கூடாது. அவை ஃபோமையும் பசையையும் அரித்துவிடும். புதிதாகப் பூசும்போது, கடினமான அடிப்பூச்சு மெழுகை முதலில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளாகவும், பின்னர் சிறு வட்டங்களாகவும் தேய்க்க வேண்டும். சிறு மணிகள்போன்ற புடைப்புகள் எழும்பிய பிறகே வெப்பநிலைக்கு உரிய மேற்பூச்சை மெல்லத் தேய்க்க வேண்டும். பொறுமையிழந்து அழுத்தித் தேய்த்தால் புடைப்புகள் நசுங்கிவிடும். நிழலில், குளிர்ந்த பலகையின் மேல் செய்தால் வேலை எளிது. நீண்ட பலகையில் மார்பு படும் இடம்முதல் பின்னங்கால் நிற்கும் இடம்வரை பூச வேண்டும். அடிப்பரப்பில் பூசக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றலாம், ஆனால் அப்படிப் பூசப்பட்ட பலகைகளைக் கடற்கரைகளில் காண முடிகிறது.

மெழுகு சரியானது, புதியது, இருந்தும் வழுக்குகிறது என்றால் மூன்று சிறு காரணங்கள் எஞ்சும். சன்ஸ்கிரீன் பூசிய மார்பும் கைகளும் மெழுகின் மேல் எண்ணெய்ப் படலத்தை விட்டிருக்கலாம். மணல் ஒட்டிய மெழுகு பிடிமானத்தை இழந்திருக்கலாம். அல்லது சென்ற முறை பயன்படுத்தியதில் புடைப்புகள் தட்டையாகியிருக்கலாம். அப்போது சீப்பின் பற்களால் சாய்கோடுகளாகக் கீறிவிட்டு, மேலே சற்றுப் புது மெழுகைத் தேய்த்தாலே போதும். மென்பலகையின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் மெழுகு வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலான மென்பலகைகளில் கால் நிற்கும் இடத்தில் மெழுகு தேவைப்படவே செய்கிறது.

அறிகுறி: பலகை பக்கவாட்டில் சறுக்கிப் போகிறது, திரும்ப மறுக்கிறது அல்லது வேகத்தில் முனகல் ஒலி எழுப்புகிறது

மூன்றும் பலகையின் அடியிலுள்ள ஃபின்களைச் சுட்டுகின்றன. பலகையைக் கவிழ்த்து, எல்லா ஃபின்களும் இருக்கின்றனவா, திசை சரியாக உள்ளதா என்று பாருங்கள். ஒவ்வொரு ஃபினின் சாய்ந்து வளைந்த முன்விளிம்பும் மூக்கை நோக்கியும், கூர்முனை வாலை நோக்கியும் இருக்க வேண்டும். மூன்று ஃபின் அமைப்பில், நடு ஃபின் இருபுறமும் ஒரே மாதிரி புடைத்திருக்கும். பக்க ஃபின்கள் பெரும்பாலும் ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் புடைத்தும் இருக்கும். தட்டைப் பக்கம் பலகையின் நடுக்கோட்டைப் பார்த்திருக்க வேண்டும். இடமும் வலமும் மாறிப் பொருத்தப்பட்டிருந்தாலோ, பக்க ஃபின் ஒன்று நடுவில் இருந்தாலோ பலகை ஒருபுறம் இழுக்கும்.

அடுத்து, ஒவ்வொரு ஃபினையும் விரல்களால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் அறுகோணச் சாவியால் திருகை இறுக்குங்கள். கையால் இறுக்கும் அளவே போதும், அதற்கு மேல் போனால் திருகின் மரை அழியும். உப்பேறிய திருகுகள் சுழலாமல் இறுகிவிடுவதால், கடலிலிருந்து வந்ததும் ஃபின் செருகப்படும் குழிகளான ஃபின் பெட்டிகளை நன்னீரால் அலசுவதும், அவ்வப்போது திருகைக் கழற்றி மாட்டுவதும் நல்ல பழக்கம். ஃபின் தொலைந்துபோய்ப் புதியது வாங்குவதானால் பெட்டி எந்த முறையைச் சேர்ந்தது என்று பார்த்த பின்பே வாங்க வேண்டும். எஃப்சிஎஸ், ஃபியூச்சர்ஸ் என்பன பரவலான இரண்டு முறைகள்; எஃப்சிஎஸ் முறைக்கான ஃபின் ஃபியூச்சர்ஸ் பெட்டியில் நுழையாது.

முனகல் ஒலிக்கு ஃபினின் பின்விளிம்பில் உள்ள சிறு வெட்டோ, தேய்மானமோ காரணம். நீர் அந்த விளிம்பைக் கடக்கும்போது ஃபின் அதிர்கிறது. நுண்மையான உப்புத்தாளால் விளிம்பைச் சீராகத் தேய்த்தால் ஒலி நின்றுவிடும்.

அறிகுறி: லீஷ் காலில் சுற்றிக்கொள்கிறது, கழன்றுவிடுகிறது அல்லது வாலின் விளிம்பை வெட்டுகிறது

லீஷ் பலகையின் நீளத்துக்குச் சமமாகவோ, சற்றுக் கூடுதலாகவோ இருக்க வேண்டும். குட்டையானால் விழுந்தவர் மேலேயே பலகை திரும்பி வந்து மோதும். மிக நீண்டால் காலில் சிக்கி நீரையும் இழுக்கும். பெரிய பலகைக்கு 7 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனுள்ள கம்பியே தேவை. லீஷ் எதனால் ஆனது என்பதும் அற்பமான செய்தி அன்று: தொடக்க காலத்தில் ரப்பர்க் குழாய்களை லீஷாகக் கட்டியபோது, அவை நன்றாக நீண்டு, பின்பு பலகையை வில்லிலிருந்து விட்டதுபோல் திருப்பி அனுப்பின, 1971-இல் வெட்சூட் தயாரிப்பில் முன்னோடியான ஜாக் ஓ'நீல் தம் இடக்கண்ணை இழந்தது அத்தகைய விபத்தில்தான். இப்போதுள்ள யூரேத்தேன் கம்பிகள் அவ்வளவு நீள்வதில்லை என்றாலும், விழுந்து மேலே வரும்போது முகத்தைக் கைகளால் மறைத்துக்கொண்டு எழ வேண்டும் என்ற விதி மாறவில்லை.

கம்பி சுற்றிக்கொண்டே இருந்தால், பின்னங்காலில் அணிந்திருக்கிறீர்களா, கம்பி கணுக்காலின் வெளிப்பக்கமாகப் பின்னோக்கிப் புறப்படுகிறதா என்று பாருங்கள். இரு முனைகளிலும் உள்ள சுழலிகளில் மணலும் உப்பும் அடைத்திருந்தால் அவை சுழலாமல் கம்பி முறுக்கிக்கொள்ளும். நன்னீரில் ஊறவைத்துச் சுழற்றிவிடுங்கள். பட்டை கழன்றால் வெல்க்ரோவின் கொக்கிகளுக்குள் சிக்கிய மணலையும் நூலையும் பழைய பல்துலக்கியால் எடுத்துப் பாருங்கள். வாலின் விளிம்பு வெட்டுப்பட்டிருந்தால், லீஷைப் பலகையோடு இணைக்கும் சிறு கயிறு நீளமாக இருக்கிறது. இழுபடும்போது விளிம்பின் மேல் பட வேண்டியது லீஷின் அகலமான துணிப்பட்டையே தவிர, அந்தக் கயிறு அன்று. முடிச்சிட்டுக் கயிற்றைக் குட்டையாக்குவது ஒரு நிமிட வேலை, வெட்டுப்பட்ட விளிம்பைச் சரிசெய்வதோ ஒரு நாள் வேலை.

கம்பியில் நகத்தால் உணரக்கூடிய வெட்டு ஒன்று இருந்தாலும் லீஷை மாற்றிவிடுங்கள். ஒட்டுவதோ முடிச்சுப் போடுவதோ கூடாது. லீஷ் அறுந்தால் மிதந்து கரைசேர உதவும் பலகையை ஒருவர் இழக்கிறார்; ஆகவே அது இல்லாமல் நீந்தித் திரும்ப முடியாத தொலைவுக்குச் செல்லாதிருப்பதும் இதே சோதனையின் பகுதிதான்.

அறிகுறி: பலகை முன்பைவிடக் கனக்கிறது, கரையில் நிறுத்தினால் எங்கிருந்தோ நீர் சொட்டுகிறது

பராமரிப்பில் உடனே செயல்பட வேண்டிய ஒரே அறிகுறி எதுவென்றால் இதுதான். எங்கோ ஒரு விரிசல் வழியாக நீர் உள்ளே போகிறது. அன்றைக்குச் சர்ஃபிங்கை நிறுத்திவிடுங்கள். நீர் புகுந்த ஃபோம் கனத்து, நிறம் மாறி, மேலுள்ள ஃபைபர் கிளாஸிலிருந்து பிரியத் தொடங்கும்.

விரிசலைக் கண்டுபிடிக்கப் பலகையை நன்கு துடைத்துவிட்டு, விளிம்புகள், வால், மூக்கு, ஃபின் பெட்டிகள், லீஷ் மாட்டும் குழி ஆகியவற்றின் மேல் விரல்நகத்தை ஓட்டுங்கள். நகம் தடுக்கும் இடத்தைச் சுற்றி அழுத்தினால் ஈரம் கசிந்தால் அதுவே வழி. சில ஈபிஎஸ் பலகைகளில் உள்ளிருக்கும் காற்று வெளியேற ஒரு சிறு திருகு மேற்பரப்பில் இருக்கும். அதை வெப்பத்திலோ விமானப் பயணத்திலோ திறந்துவைத்து, பிறகு மூட மறந்து கடலில் இறங்கினாலும் இதே அறிகுறி தோன்றும் என்பதால் முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்த வேலை உலர்த்துவது. காயம் கீழ்நோக்கி இருக்குமாறு நிழலில், காற்றோட்டமான இடத்தில் பலகையைச் சாய்த்து வையுங்கள். பாலியுரேத்தேன் பலகைக்குச் சில நாள்கள் போதுமாயிருக்கலாம். ஈபிஎஸ் ஃபோமின் மணிகளுக்கு இடையே நீர் பரவிவிடுவதால் வாரக்கணக்கிலும் ஆகலாம். பலகையைப் பிடித்துக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, பின் தனியே ஏறி, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து சில நாள்கள் எடை குறையாமல் நின்றால் உலர்ந்துவிட்டது எனலாம். ஈரம் இருக்கும்போதே மூடிவிடுவதுதான் வீட்டுப் பழுதுபார்ப்பில் நடக்கும் மிகப் பெரிய கேடு.

சிறு விரிசலை வெயிலில் இறுகும் ரெசினால் வீட்டிலேயே அடைக்கலாம். ரெசினைத் தேர்ந்தெடுக்கும்போது பலகையின் வகையை நினைவுகொள்ளுங்கள்: பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன், ஈபிஎஸ் ஃபோமைக் கரைத்துக் குழியாக்கிவிடும். எப்பாக்ஸி ரெசினோ இரண்டு வகைப் பலகைகளிலும் ஒட்டும். ஐயம் இருந்தால் எப்பாக்ஸியையே வாங்குங்கள். விரிசலைச் சுற்றி ஓரங்குல அகலத்துக்கு மெழுகை நீக்கி, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, தூசியைத் துடைத்து, நிழலில் ரெசினைத் தடவி, மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை ஒட்டிச் சமப்படுத்திய பின்பே வெயிலுக்குக் கொண்டுவர வேண்டும். சில நிமிடங்களில் இறுகிவிடும். தேய்க்கும்போது எழும் கண்ணாடித் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது, முகக்கவசம் அணியுங்கள். ஃபோம் வெளியே தெரியும் அளவுக்குப் பெரிய காயம், ஃபின் பெட்டியைச் சுற்றிய வெடிப்பு, பலகையின் குறுக்கே ஓடும் மடிப்புக் கோடு ஆகிய மூன்றையும் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அறிகுறி: மேற்பரப்பில் பள்ளங்கள் அல்லது அழுத்தினால் அமுங்கும் இடங்கள்

இரண்டும் ஒன்றல்ல. முட்டியும் குதிகாலும் அழுந்திய இடத்தில் உண்டாகும் ஆழமற்ற பள்ளங்கள், விரிசல் இல்லாதவரை, எல்லாக் கடினப் பலகைகளுக்கும் வரும் இயல்பான தழும்புகள். எதுவும் செய்ய வேண்டாம். கட்டைவிரலால் அழுத்தும்போது தோல் போல் உள்ளே போய் மீண்டும் எழும்பும் இடமோ ஃபைபர் கிளாஸ் ஃபோமிலிருந்து பிரிந்துவிட்டதைக் காட்டுகிறது. பெரும்பாலும் வெப்பமே காரணம். மூடிய காருக்குள் வெயிலில் விட்ட பலகையின் உள்ளே காற்று விரிந்து தோலைத் தூக்கிவிடும். மென்பலகையிலோ அடித்தகடு குமிழ் குமிழாக எழும்பும். அவ்விடம் உள்ளங்கை அளவுக்குள் இருந்தால் தொடர்ந்து பயன்படுத்திக்கொண்டே கவனிக்கலாம், பரவினால் பழுதுபார்ப்பவரிடம் காட்ட வேண்டும். வெள்ளைப் பலகை மஞ்சளாவது வெயிலால் வரும் நிறமாற்றம். அதனால் வேகம் குறைவதில்லை.

அறிகுறி: மார்பிலும் உள்தொடையிலும் தோல் உரிகிறது, வெட்சூட்டுக்குள் நீர் புகுந்து குளிர்கிறது

தோல் உரிவதற்கு மெழுகும் மென்பலகையின் சொரசொரப்பும் காரணங்கள். உடலோடு ஒட்டிய ராஷ் கார்ட் சட்டையும் முட்டிவரை நீண்ட காற்சட்டையும் போதும். தளர்வான பருத்திச் சட்டை நனைந்து மடிந்து தொல்லையைக் கூட்டும்.

வெட்சூட் என்பது குளிர்ந்த நீரில் உடல் வெப்பத்தைக் காக்கும் நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் உடை. அதில் 3/2 என்று குறித்திருந்தால் உடற்பகுதி 3 மில்லிமீட்டர், கைகால்கள் 2 மில்லிமீட்டர் தடிமன் என்று பொருள். நீர் புகுந்து குளிர்ந்தால் தடிமனைக் கூட்டுவதற்கு முன் பொருத்தத்தைப் பாருங்கள்: இடுப்பின் பின்புறக் குழிவிலோ, அக்குளிலோ, கழுத்திலோ துணி மடிந்து காற்று நின்றால், ஒவ்வொரு அலையிலும் குளிர்ந்த நீர் அங்கே புகுந்து வெளியேறும். வாங்கும்போது சற்று இறுக்கமாகத் தோன்றுவது நீரில் சரியாகிவிடும், தளர்ந்தது சரியாகாது. துர்நாற்றத்துக்குக் குளிர்ந்த நன்னீரில் உட்புறத்தை வெளியே திருப்பி அலசி, நிழலில் உலர்த்துவதே மருந்து. வெந்நீர், வெளுக்கும் மருந்து, நேர்வெயில் ஆகியவை நியோப்ரீனைக் கெட்டியாக்கும். தோளில் மாட்டித் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையால் தோள்பகுதி நீண்டுவிடும். தடித்த தாங்கியில் இடுப்பில் பாதியாக மடித்துப் போடுங்கள். நகம் பட்டு உண்டான சிறு கிழிசலை நியோப்ரீன் பசை ஒட்டிவிடும்.

அறிகுறி: விலை குறைவான பழைய பலகை ஒன்று கிடைக்கிறது, குறை எதுவும் தெரியவில்லை

மேற்சொன்ன சோதனைகளையே விற்பவர் முன்னிலையில் செய்யுங்கள். தூக்கிப் பார்த்து எடையை உணருங்கள். நகத்தை விளிம்பெங்கும் ஓட்டுங்கள். ஃபின் பெட்டிகளை அசைத்துப் பாருங்கள். வாலிலிருந்து மூக்குவரை கண்ணால் நீட்டிப் பார்த்து முறுக்கோ மடிப்போ உள்ளதா என்று கவனியுங்கள். மேற்பரப்பு முழுவதும் தடித்த பழைய மெழுகு மூடியிருந்தால் அதைச் சுரண்டிவிட்டுக் காட்டுமாறு கேளுங்கள், ஏனெனில் பிரிந்த தோலும் ஒட்டுப்போட்ட விரிசலும் அதற்கடியில்தான் மறைந்திருக்கும். அதற்கு அவர் உடன்படாவிட்டால் அந்தப் பலகையை விட்டுவிடலாம்.